சூடு மிஞ்சினால் மங்கும் பீங்கான்

எல்.ஈ.டி. வருவதற்கு முன் நம் நெடுஞ்சாலைகளில் மஞ்சள் ஒளி கொட்டிய சோடியம் விளக்குகளின் நடுவே மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். கண்ணாடி போலத் தெரியும். உண்மையில் அது பீங்கான். கொதிக்கும் சோடிய ஆவி கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் அலுமினாவால் செய்தார்கள்.

மாணிக்கமும் நீலக்கல்லும் அலுமினாவின் படிகங்கள்தாம். அவற்றில் ஒளி தாராளமாகப் புகுகிறது. அதே அலுமினாவைப் பொடியாக்கி அழுத்திச் சுட்டால் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆகிவிடுகிறதே, ஏன்? உள்ளே சிக்கிய நுண்துளைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. தெளிந்த நீரில் எழும் நுரை வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு துளை மிஞ்சினாலே தெளிவு போய்விடும்.

இப்படிச் சுடுவதைச் சின்டரிங் என்பார்கள். பொடி உருகுவதில்லை, அலுமினா உருக 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழேயே அணுக்கள் நகர்ந்து, பொடியின் மணிகள் ஒட்டி, இடைவெளிகள் சுருங்குகின்றன. அப்படியானால் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் துளையெல்லாம் மறைந்துவிடாதா? மறையாது. துளை மூடுவதற்கான வழி, மணிகளுக்கு இடையிலான எல்லைகள். அணுக்கள் அவ்வழியே வந்து துளையை நிரப்புகின்றன. சூடு மிஞ்சினால் சில மணிகள் பக்கத்து மணிகளை விழுங்கிப் பெருக்கின்றன. எல்லை துளையைத் தாண்டி ஓடிவிடும். துளை மணியின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை மணி நேரம் சுட்டாலும் அதை வெளியேற்றுவது பெரும்பாடு.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் இதற்கு வழி கண்டார். அரை சதவீதத்துக்கும் குறைவான மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்தபோது எல்லைகளின் ஓட்டம் அடங்கியது. காற்றுக்குப் பதில் ஹைட்ரஜனில் சுட்டார். துளைக்குள் அகப்பட்ட காற்றின் நைட்ரஜன் வெளியேறாது, ஹைட்ரஜன் கசிந்து போய்விடும். லூகலாக்ஸ் என்ற பெயரில் வந்த அந்தப் பீங்கான்தான் விளக்குக் குழாயானது.

அதன் தெளிவும் பால்கண்ணாடி அளவுக்குத்தான். அலுமினா படிகத்தில் ஒளி செல்லும் வேகம் திசைக்குத் திசை மாறுவதால் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் சிதறும். யாக் எனப்படும் யிட்ரியம் அலுமினியம் கார்னெட்டில் இந்தத் தொல்லை இல்லை. 1995இல் ஜப்பானின் அகியோ இகெசுவேயும் அவருடன் உழைத்தவர்களும் யாக் பீங்கானிலிருந்து தரமான லேசர் ஒளியையே பெற்றுக் காட்டினார்கள்.

இன்று பல ஆலைகளில் சூளையை வேண்டுமென்றே சீக்கிரம் நிறுத்துகிறார்கள். துளைகள் வெளிப்பரப்போடு தொடர்பு அறுந்து, ஆனால் இன்னும் எல்லையிலேயே இருக்கும்போது எடுத்து, ஆர்கான் வாயுவில், வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கு அழுத்தத்தில் மீண்டும் சூடாக்கி நசுக்குகிறார்கள். முதல் சூட்டிலேயே துளை மணிக்குள் போயிருந்தால் அந்த அழுத்தமும் பெரிதாக உதவாது.