தாளில் எழுதிய வலிமை

2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், நான் வழக்கமாகப் பிரயாணம் செய்யும் வாடகைக் காரின் ஓட்டுநர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நீங்கள் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஜப்பானில் ஏதோ ஒரு கம்பெனி பொய்க் கணக்கு எழுதிக் கார்களுக்கு உலோகம் விற்றதாமே! என் வண்டியும் ஜப்பான் பெயர் கொண்டதுதான். இதை நம்பி ஓட்டலாமா?" என்றார். உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றை முதலில் சொல்லுகிறேன். மற்றதைச் சொல்லச் சற்றுத் துணிவு வேண்டும்.

மாணவ நேயர்களே, உலோகத்தின் தரம் கண்ணுக்குத் தெரிவதன்று. அரிசி வாங்கப் போனால் ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறோம். துணியானால் விரலிடையே கசக்கிப் பார்க்கிறோம். இரண்டு அலுமினியத் தகடுகளை அருகருகே வைத்து, இவற்றுள் எது வலியது என்று கேட்டால், நாற்பது ஆண்டு அனுபவம் உடையவனும் விழிக்கத்தான் வேண்டும். விடை சொல்லக்கூடியது ஓர் இயந்திரம் மட்டுமே.

அந்த இயந்திரம் செய்யும் வேலை மிக எளியது. தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நடுவில் ஒடுங்கியும் இரு முனைகளில் அகன்றும் இருக்கும்படி கடைந்து கொள்ளுவார்கள். ஒடுங்கிய பகுதியில் 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கீறுவார்கள். பிறகு இரு முனைகளையும் கவ்விப் பிடித்து, இயந்திரம் மெல்ல இழுக்கும். முதலில் துண்டு சிறிதளவே நீளும். இழுப்பை விட்டுவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும். ஓர் எல்லையைத் தாண்டினால் திரும்பாது. மேலும் இழுத்தால், ஓரிடத்தில் கழுத்துப் போல மெலிந்து, ஒரு சத்தத்துடன் அறுந்துவிடும். அது தாங்கிய மிக அதிகமான சுமையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இழுவலிமை. அறுந்த துண்டுகளை மீண்டும் சேர்த்து வைத்துக் கோடுகளின் இடைவெளியை அளந்தால், அது 60 மில்லிமீட்டர் ஆகியிருக்கலாம். அப்படியானால் நீட்சி நூற்றுக்கு 20.

காரைப் பொறுத்தமட்டில் இந்த நீட்சி வலிமைக்கு எள்ளளவும் குறைந்ததன்று. மோதும்போது வண்டியின் முன்புறம் மடங்கிச் சுருங்கி, மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக் கொள்ள வேண்டும். நீளாத உலோகம் மடங்காது, வெடித்துப் பிளக்கும். எஞ்சினை மூடியிருக்கும் மேல் மூடிக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. பாதசாரி ஒருவர் அடிபட்டு அதன்மேல் விழுந்தால், அவருடைய தலையைக் காக்கும் அளவுக்கு அது இணங்கிக் கொடுக்க வேண்டும். இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அலுமினியம், பல கார்களில் இந்த மூடிக்கும் கதவுகளுக்கும் பயன்படுகிறது.

சோதித்துக் கண்ட எண்களை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, உலோகத்துடன் அனுப்புவார்கள். வாங்குகிறவர் ஒவ்வொரு தகட்டையும் மீண்டும் இழுத்துப் பார்க்க முடியாது. இழுத்தால் தகடு மிஞ்சாதே! ஆகவே அவர் வாங்குவது உலோகத்தையன்று, அந்தத் தாளையே என்றுகூடச் சொல்லலாம். தகடு செய்பவரிடமிருந்து உறுப்புச் செய்பவருக்கும், அவரிடமிருந்து கார் செய்பவருக்கும், கடைசியில் வண்டி ஓட்டுபவருக்கும் செல்லுவது அந்த நம்பிக்கைதான். கடைசி மனிதருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே தெரியாது.

1905ஆம் ஆண்டில் தோன்றிய கோபே ஸ்டீல் கம்பெனி, ஜப்பானிய உருக்குக் கம்பெனிகளுள் மூன்றாவது பெரியது. 2017 அக்டோபர் 8ஆம் தேதி அது தானே ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்திய ஓராண்டில் அனுப்பிய 19,300 டன் அலுமினியப் பொருள்களுக்கும், 2,200 டன் செம்புப் பொருள்களுக்கும், 19,400 அலுமினிய வார்ப்பு, அடிப்பு உறுப்புகளுக்கும் உரிய சோதனை எண்கள் திருத்தப்பட்டிருந்தன என்பதே அதன் சாரம். சில எண்கள் மாற்றி எழுதப்பட்டவை. வேறு சில, சோதனையே செய்யாமல் எழுதப்பட்டவை. வாங்கியவர்கள் சுமார் 200 கம்பெனிகள் என்று முதலில் சொன்னார்கள். அந்த மாதத்திற்குள்ளேயே அது 500ஐத் தாண்டிற்று. 2018 மார்ச் மாதத்தில் 600க்கும் மேலாயிற்று. இந்த வழக்கம் 1970களிலேயே இருந்தது என்றும், மேலதிகாரிகள் சிலரும் அறிந்திருந்தனர் என்றும் அப்போது வெளியான அறிக்கை கூறிற்று.

இது எவ்வாறு நேர்ந்தது? ஜப்பானியத் தொழில் உலகில் 'டொக்குசாய்' என்று ஒரு சொல் உண்டு. தனிச் சலுகையாக ஏற்பது என்று பொருள். சரக்கு ஒப்பந்த அளவுக்குச் சற்றே குறைந்துவிட்டால், விற்பவர் அதை ஒளிக்காமல் சொல்லுவார். வாங்குபவர் தம் தேவைக்கு அது போதுமா என்று ஆராய்ந்து, போதுமானால் ஏற்றுக் கொள்ளுவார். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அத்தொழிற்சாலைகளில், 'கேட்டால் எப்படியும் ஏற்றுக் கொள்ளுவார்கள், கேட்பானேன்?' என்ற எண்ணம் புகுந்தது. வாங்குபவர் சொல்லவேண்டிய சம்மதத்தை விற்பவரே சொல்லிக்கொண்டு, எண்ணையும் திருத்தினார். தொழிற்சாலையின் திறமைக்கு மீறிய அளவுகளை ஒப்புக்கொண்டது, இலாபத்தின் நெருக்கடி, ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காக மாறாதிருந்த ஊழியர்கள், எண்களைக் கையால் மாற்ற இடங்கொடுத்த பதிவு முறை ஆகியவை காரணங்கள் என்று அந்த அறிக்கை பட்டியலிடுகிறது. அவற்றுள் கடைசியானதே எனக்கு மிகவும் விளங்குவது.

இப்போது இரண்டாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் இருபத்திரண்டாம் வயதில் ஒரு வார்ப்படசாலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். ஒரு மாலை, பார வண்டிகளுக்கான உருக்கு வார்ப்புகளின் மாதிரித் துண்டை இழுத்தேன். சதுர மில்லிமீட்டருக்கு 42 கிலோகிராம் தாங்க வேண்டும், 40இல் அறுந்துவிட்டது. லாரி வாசலில் நின்றது. என் மேலாளர் நல்ல மனிதர், அதட்டவில்லை. "தம்பி, துண்டைக் கடைந்ததில் ஏதோ கோளாறு, 42 என்றே எழுது" என்றார். கோளாறாகவும் இருந்திருக்கலாம். வேறொரு துண்டைக் கடைந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். நான் 42 என்று எழுதினேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம். கார்க் கம்பெனிகள் பல, தாம் வாங்கிய தகடுகளைத் தாமே ஆராய்ந்தன. டொயோட்டா, ஹோண்டா, மஸ்டா ஆகியவை அதே அக்டோபரில், தாம் ஆராய்ந்த அலுமினியத் தகடுகள் தம் பாதுகாப்பு அளவுகளுக்குள் இருப்பதாக அறிவித்தன. ஷிங்கான்சென் என்னும் அதிவேக ரயில்களில் மட்டும், சக்கரப் பகுதியில் உள்ள சுமார் 310 உறுப்புகள் குறிப்பிட்ட தரத்திற்குக் குறைவாக இருந்தன. ஆபத்தில்லை என்றும், வழக்கமான பரிசோதனையின்போது மாற்றிவிடுவதாகவும் ரயில்வே கம்பெனி கூறிற்று.

குறைந்த உலோகம் ஏன் முறியவில்லை? பொறியியலாளர், வரக்கூடிய சுமைக்குச் சரியாக அளந்து எதையும் கட்டுவதில்லை. எடையை மிச்சப்படுத்த எவ்வளவோ பாடுபடும் விமானத்தில்கூட, பறக்கும்போது வரக்கூடிய மிகப் பெரிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும்படி அமைக்கிறார்கள். அந்தக் கூடுதல், எதிர்பாராத பள்ளத்துக்கும், துருவுக்கும், தேய்மானத்துக்கும் என்று ஒதுக்கி வைத்த சேமிப்பு. எண்ணைத் திருத்துகிறவர் அந்தச் சேமிப்பிலிருந்து, உடையவருக்குத் தெரியாமல் எடுத்துச் செலவழிக்கிறார். இன்னொருவரும் அதே பெட்டியில் கை வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று இருக்கிறது. நாசா 2009இலும் 2011இலும் டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட்டில் இரண்டு துணைக்கோள்களை அனுப்பிற்று. இரண்டு முறையும் ராக்கெட்டின் மூக்குக் கவசம் கழலவில்லை. அதன் பாரத்தால் வேகம் குறைந்து, இரண்டும் சுற்றுப்பாதையை எட்டாமல் விழுந்தன. கவசத்தின் இணைப்பு, குறித்த நேரத்தில் பிளந்து விலகும்படி செய்யப்பட்டது. அதற்கு உரிய அலுமினியத்தைத் தந்த சாபா ப்ரொஃபைல்ஸ் என்னும் கம்பெனி, 19 ஆண்டுகளாக இழுப்புச் சோதனை எண்களைப் பொய்யாக எழுதி வந்தது பின்னர் வெளிப்பட்டது. உடைய வேண்டிய இடத்தில் உலோகம் உடையவில்லை! நஷ்டம் 70 கோடி டாலருக்கு மேல். 2019இல் அக்கம்பெனி 4 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க உடன்பட்டது.

கோபே ஸ்டீல் கம்பெனியின் தலைவர் ஹிரோயா கவாசாகி, 2018 ஏப்ரல் முதல் தேதி பதவியினின்று விலகினார். 2019 மார்ச் மாதம் நீதிமன்றம் அக்கம்பெனிக்கு 10 கோடி யென் அபராதம் விதித்தது. ஒரு பெரிய கம்பெனிக்கு அது பெருந்தொகை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு தகடும் எங்கே சென்றது, எந்த உறுப்பாயிற்று என்று நூற்றுக்கணக்கான கம்பெனிகள் தேடிச் சோதித்த செலவுதான் உண்மையான தண்டனை போலும்.

அன்று அந்த ஓட்டுநரிடம் இவற்றில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. "வண்டியை ஓட்டுங்கள், பிரேக்கையும் டயரையும் நீங்களே பாருங்கள், உலோகத்தைப் பார்ப்பது மற்றவர்கள் கடமை" என்றேன். ஏனோ, என் 42ஐயும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த வார்ப்பெல்லாம் எந்த வண்டிக்குப் போயிற்று, ஐயா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.