எண்ணிக்கை முதலில், ஏழை பிறகு!

புது தில்லி: ரேஷன் பெறத் தகுதியுள்ளவர் யார் என்ற கேள்விக்கு மத்திய அரசு கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிவருகிறது. விதிகள் மாறின, குழுக்கள் வந்து போயின. எத்தனை பேருக்கு என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப ஏழைகளைத் தேடும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அனைவருக்கும் பொதுவாக இருந்த விநியோகத் திட்டம், 1997 ஜூனில் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 2002-ல் கிராமப்புற ஏழைகளைக் கண்டறிய 13 கேள்விகள் வகுக்கப்பட்டன. நிலம், வீடு, உடை, உணவு, கடன் என ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 4 மதிப்பெண், மொத்தம் 52. ஆனால், ஏழைகளின் எண்ணிக்கை திட்டக்குழுவின் மதிப்பீட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குள் அடங்கும்படி மாநிலங்கள் தகுதி மதிப்பெண்ணை நிர்ணயித்தன.

விளைவு, ஏழைகள் பலர் விடுபட்டனர். வசதி படைத்தோர் பலர் இடம்பெற்றனர். இதைச் சுட்டிக்காட்டிய என்.சி. சக்சேனா குழு, ஆதரவற்றோரை நேரடியாகச் சேர்க்கவும், வசதியுள்ளோரை நேரடியாக நீக்கவும், எஞ்சியோரை மட்டும் வரிசைப்படுத்தவும் 2009-ல் பரிந்துரைத்தது.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு தானியத்தைச் சட்டப்படியான உரிமையாக்கியது. கிராமப்புறத்தில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேர் வரை பயன்பெறலாம். ஒருவருக்கு மாதம் 5 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசமாகவே வழங்கப்படுகிறது.

ஆனால், இங்கும் எண்ணிக்கையே முந்திக்கொண்டது. கடைசியாக வெளியான மக்கள்தொகைக் கணக்கின்படியே பயனாளிகளைக் கணக்கிட வேண்டும் என்கிறது சட்டத்தின் 9-வது பிரிவு. 2011 கணக்கின்படி உச்சவரம்பு 81.35 கோடி பேர். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் வரம்பும் அங்கேயே நின்றது. இதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருப்பதாகப் பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் 2020-லேயே கணக்கிட்டனர்.

தலைநகர் தில்லிக்கான வரம்பு 72.78 லட்சம் பேர். இது நிரம்பிவிட்டால், எல்லாத் தகுதியும் உள்ள கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்யும் பெண்ணும், பட்டியலிலிருந்து வேறொருவர் நீங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

புலம்பெயர் தொழிலாளர் வழக்கில், 'இ-ஷ்ரம்' தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் அட்டை இல்லாத சுமார் 8 கோடி பேருக்கு அட்டை வழங்குமாறு 2023 ஏப்ரலில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அதற்கு வரம்பைக் காரணம் காட்டக் கூடாது என 2024 மார்ச்சில் மீண்டும் வலியுறுத்தியது.

தமிழகம் வேறு வழியில் சென்றது. அனைவருக்குமான ரேஷன் முறையைக் கைவிடாமலேயே 2016 நவம்பரில் இச்சட்டத்தை ஏற்று, கூடுதல் செலவைத் தானே சுமக்கிறது. நிதிவசதி குறைந்த மாநிலங்களுக்கு இது எளிதல்ல.

2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்த, மத்திய அரசு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. அதன் முடிவுகள் வெளியானால் வரம்பு உயரும். ஆனால், அடுத்த கணக்கெடுப்பு தாமதமானாலும் இதே கதைதான். ஆண்டுதோறும் மதிப்பிடப்படும் மக்கள்தொகைக்கேற்ப வரம்பு தானாக உயர வழிசெய்யாதவரை, தகுதி விதிகளை எத்தனை முறை திருத்தினாலும் ஓர் ஏழையின் இடத்தில் இன்னோர் ஏழையை அமர்த்துவதாகவே அது முடியும்.