திராட்சைக் குன்றுகளில் ஒரு நடை

இத்தாலியின் வடமேற்கே, பியெட்மாண்ட் மாநிலத்தில் லாங்கே என்றொரு குன்றுப் பகுதி. உச்சிகளில் கிராமங்கள், சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நிலம் இது.

இங்கே வழிகாட்டி இல்லாமலே நாள்கணக்கில் நடக்கலாம். கம்பங்களிலும் கற்களிலும் தீட்டியிருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். பெட்டியைக் காலையில் விடுதியில் ஒப்படைத்தால், பயண ஏற்பாட்டாளர்கள் வண்டியில் அடுத்த ஊருக்குச் சேர்த்துவிடுவார்கள். தோளில் தண்ணீரும் ரொட்டியும் இருந்தால் போதும். கொடுத்துவைத்தவர்கள்!

லா மோர்ரா என்ற ஊரைத் தாண்டி இறங்கினால், கொடிகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்கும் வண்ணங்களில் ஒரு சிறு தேவாலயம். பார்வைக்குத்தான் அது தேவாலயம். முறைப்படி அர்ச்சிக்கப்படவே இல்லை. மழை வந்தால் தோட்டத் தொழிலாளர்கள் ஒதுங்குவதற்காக 1914-இல் கட்டியது. பாழடைந்து கிடந்த அதற்கு, 1999-இல் வெளிப்புறம் சோல் லெவிட், உட்புறம் டேவிட் ட்ரெம்லெட் என இரு ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள்.

பக்கத்து ஊர் பரோலோ. அந்தப் பெயரில் வரும் ஒயினுக்கு நெபியோலோ திராட்சை மட்டும்தான். குறைந்தது 38 மாதங்கள் பக்குவப்படுத்தவேண்டும். அதில் 18 மாதங்கள் மரப் பீப்பாயில்.

நெபியோலோ தாமதமாகப் பழுக்கும். அறுவடையைப் பார்க்க விரும்புவோர் அக்டோபரில் போகலாம். மழை பெய்துவிட்டால் மட்டும் களிமண் காலணியில் அப்பிக்கொள்ளும். நல்ல பிடிமானமுள்ள காலணி கட்டாயம் வேண்டும்.