துடுப்பு நுனியில இருக்கு விஷயம்! ரோயிங்கை மாற்றிய கோடாரி பிளேடு

2016 ரியோ ஒலிம்பிக். ஆண்கள் ஒற்றையர் ரோயிங் இறுதிப் போட்டி. 2,000 மீட்டர் முடிந்ததும் நியூசிலாந்தின் மாஹே டிரைஸ்டேல், குரோஷியாவின் டாமிர் மார்ட்டின் இருவருக்கும் போர்டில் ஒரே நேரம்: 6 நிமிடம் 41.34 விநாடி. போட்டோவைப் பார்த்துத்தான் டிரைஸ்டேலுக்குத் தங்கம் என்று முடிவு செய்தார்கள். இப்படி மயிரிழையில் வெற்றி தீர்மானமாகும் விளையாட்டில், துடுப்பின் நுனியில் இருக்கும் தட்டையான பகுதி எப்படி இருக்கிறது என்பது சின்ன விஷயமா என்ன?

அதற்குப் பெயர் பிளேடு. (ஷேவிங் பிளேடு இல்லைங்க!)

சேற்றில் மாட்டிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. தண்ணீரிலும் அதே கதைதான். பிளேடு தண்ணீரை நன்றாகப் பிடித்துக்கொண்டால் படகு முன்னால் போகும். பிளேடு பின்னால் நழுவினால், வீரர் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு தண்ணீரைக் கலக்குவதிலேயே வீணாகிவிடும். நழுவலைக் குறைப்பதுதான் பிளேடு டிசைனின் முதல் வேலை.

பல வருடங்களுக்கு 'மாகோன்' பிளேடுதான் ராஜா. 1959-ல் பிரான்சின் மாகோன் நகரில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஜெர்மன் வீரர்கள் கொண்டுவந்தது. நடுவில் தண்டு, இருபுறமும் ஒரே அளவு அகலம், பார்க்க ஒரு பெரிய கரண்டி மாதிரி.

இதில் ஒரு சிக்கல். துடுப்பு படகிலிருந்து சாய்வாகத்தான் தண்ணீருக்குள் இறங்குகிறது. அதனால் இந்தச் சமச்சீர் பிளேடும் சாய்ந்தே நிற்கும். மேல் பகுதியை முழுக்க மூழ்கடிக்கப் போனால், நுனியின் கீழ் மூலை ஆழமாகப் போய்விடும்.

1991-ல் அமெரிக்காவின் கான்செப்ட்2 நிறுவனம் (டிக், பீட் டிரைஸிகாக்கர் சகோதரர்கள் தொடங்கியது) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. தண்டை பிளேடின் மேல் பக்கமாகச் சேர்த்து, பரப்பளவைக் கீழே தள்ளிவிட்டார்கள். இப்போது பிளேடின் விளிம்புகள் நீர்மட்டத்துக்கு இணையாக நிற்கும். தண்டு பெரும்பாலும் வெளியிலேயே இருக்கும். பார்ப்பதற்குக் கோடாரி மாதிரி இருந்ததால் 'ஹாட்செட்' என்றும், கசாப்புக் கத்தி மாதிரி இருந்ததால் 'கிளீவர்' என்றும் பெயர். மறு வருடமே பார்சிலோனா ஒலிம்பிக்கில் பெரும்பாலான அணிகள் இதற்கு மாறியிருந்தன. விளையாட்டு உலகில் இவ்வளவு வேகமான மாற்றம் அபூர்வம்.

பிளேடு பெரிதானால் இழுப்பதும் கனக்கும். அதனால் துடுப்பின் நீளத்தைச் சில சென்டிமீட்டர் குறைத்தார்கள். சைக்கிளில் கியர் மாற்றுவது போலத்தான்.

இன்னொரு சுவாரஸ்யம்: பிளேடு தண்ணீரைப் பின்னால் தள்ளுவதோடு நிற்பதில்லை. துடுப்பு போடும் தொடக்கத்தில் அது படகை விட்டு வெளிப்பக்கமாக நகர்கிறது. அப்போது நீர் அதன் வளைவின் மீது வழுக்கிப் போக, விமான இறக்கை போலத் தூக்குவிசை கிடைக்கிறது. நடுப்பகுதியில்தான் நேரடித் தள்ளல். அதனால்தான் வளைவு, நுனி, நடுவில் ஓடும் மேடு என்று ஒவ்வொன்றையும் மில்லிமீட்டர் கணக்கில் மாற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் இஷ்டத்துக்கு மெலிதாக்க முடியாது. மோதினால் ஆளைக் கிழித்துவிடும் என்பதால், இரட்டைத் துடுப்புக்கு 3 மி.மீ., ஒற்றைத் துடுப்புக்கு 5 மி.மீ. விளிம்புத் தடிமன் கட்டாயம்.

அப்போ பெரிய பிளேடுதான் பெஸ்ட்டா? இல்லவே இல்லை. எதிர்க்காற்றில் அது கனக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் தவறான இழுப்பு இடுப்பையும் விலா எலும்பையும் பதம் பார்க்கும். புதிதாக ரோயிங் பழகுபவர்கள் காஸ்ட்லி பிளேடு தேடும் முன், கோச்சிடம் துடுப்பின் நீளத்தையும் காலர் இருக்கும் இடத்தையும் செட் பண்ணித் தரச் சொல்லுங்கள். அதற்குப் பைசா செலவில்லை.