திரைக்கயிறு பிடித்த இரவு

கூத்துப் பார்க்கச் சென்றவனையும் கூத்து நடத்துபவனாக்கிவிடும் ஊர்கள் மன்னாரிலே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற நாட்டுக்கூத்தொன்றைக் காணும் ஆவலுடன் தலைமன்னார்ப் புகைவண்டியேறி, தீவின் கரையோரக் கிராமம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். கொட்டகையருகே வேடிக்கை பார்த்து நின்ற என்னை முதியவர் ஒருவர் கண்ணுற்றார்.

"தம்பி, ஏன் சும்மா நிக்கிறீர்? இந்தக் கயித்தைப் பிடியும்" என்றார்.

அது திரைக்கயிறு. விடியும்வரை அதனை விட்டு நான் அகலவில்லை.

திரைக்குப் பின்னே நின்றபோதுதான் கூத்தின் மறுபக்கம் எனக்குப் புலனாயிற்று. அங்கே சம்பளம் பெறுவார் எவருமிலர். பகலெல்லாம் கடலிலே வலை இழுத்தவர் இரவிலே முடிமன்னராய் நின்றார். அவர் உடுப்பைத் தைத்தவர் அவருடைய தமக்கையார். அண்ணாவியார் ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க, பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடினர். தேநீர் சுமப்பதற்கும் விளக்கைக் கவனிப்பதற்கும் சிறுவர் ஓடித் திரிந்தனர்.

நள்ளிரவிலே ஒரு பிழை செய்தேன். அரசன் முடி தரிக்குமுன்னரே திரையை இழுத்துவிட்டேன்! பிற்பாட்டுக்காரர் சற்றும் கலங்கினாரல்லர். முடிந்த அடியையே மீண்டும் மீண்டும் பாடி, அரசன் ஆயத்தமாகும்வரை காலத்தைக் கடத்தினர். அதன்பின் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். "அண்ணை, பொறுங்கோ. இந்தத் தரு முடியட்டும்" என்று ஒவ்வொரு முறையும் மெல்லச் சொன்னான். முழு நாடகமும் அவனுக்கு மனப்பாடமாயிருந்தது.

இத்தகைய கூட்டுழைப்பு பிற நாடுகளிலும் உண்டு. பந்துகளை மேலெறிந்து மாறி மாறிப் பிடிக்கும் விளையாட்டை நம் பெண்கள் அம்மானை என்று பாட்டோடு ஆடினர் அன்றோ? அதனையொத்த வித்தையிலே ஈடுபாடுடைய ஐரோப்பியர் 1978 இல் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரிலே முதன்முதலாகக் கூடினர். ஒரு சிலரோடு தொடங்கிய அம்மாநாடு நகருக்கு நகர் மாறி நடைபெற்று, ஆயிரக்கணக்கானோர் திரளும் விழாவாக வளர்ந்தது. அதனை நடத்துவோரும் ஊதியம் பெறாத தொண்டர்களே. வித்தை பழக வந்தவரே வாயிலும் காப்பர். தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கற்பிப்பர்.

மன்னாருக்கோ இக்கூட்டுழைப்பு உயிர்நாடி போன்றது. போர்த்துக்கேயர் காலத்திலே வேரூன்றிய கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மக்கள், தமிழ்க் கூத்து மரபைக் கைவிடாது புதிய கதைகளை அதிலே பாடினர். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இருவகைப் பாடல் முறைகள் இங்கே வழங்கின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'என்றிக் எம்பரதோர்' நாடகத்தை 1964 இலும், 'மூவிராசாக்கள்' நாடகத்தை 1966 இலும் பதிப்பித்தார். எம்பரதோர் என்பது பேரரசரைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவமாகும்.

ஏடு அச்சேறினால் சொல் பிழைக்கும். அதனைப் பாடும் மெட்டும், ஆடும் அடவும், திரை இழுக்கும் தருணமும் அச்சிலே அகப்படா. போரினால் 1990 இல் தலைமன்னாருக்கான புகைவண்டி நின்றது. மன்னார் மக்கள் பல திசைகளிலும் சிதறினர். படகேறி இராமேசுவரம் அடைந்தோரும் பலர். தண்டவாளத்தைப் புதிதாக அமைத்து 2015 இல் வண்டியை மீண்டும் ஓட்டினர். ஆனால் சிதறிய ஊரை ஒரு கொட்டகையின் கீழே கூட்டுதல் அத்துணை எளிதன்று. பாடத் தெரிந்த ஒருவர் எஞ்சினாலும், பிற்பாட்டுக்கும் மத்தளத்துக்கும் கயிற்றுக்கும் கைகள் வேண்டுமே!

விடிந்ததும் கயிற்றைச் சிறுவனிடம் கொடுத்து விடைபெற்றேன். அவன் அதனைச் சீராகச் சுருட்டி வைத்தான். இளைய மாணவர்களே, உங்கள் ஊரிலே கூத்து நடக்குமாயின் முன்வரிசையிலே இடம் தேடாதீர்கள். திரைக்குப் பின்னே சென்று, "நான் என்ன செய்ய?" என்று கேளுங்கள். கூத்துப் பழகுவதற்கு அதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.