அறிவியலுக்கு வாக்களித்தவர்கள் நாம்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவுச் சொற்பொழிவில் தேர்தலைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. இலக்கிய மேடையில் தேர்தல் எதற்கு என்றார்கள். பண்டிதர் சித்த மருத்துவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர் என்பதெல்லாம் இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், அவர் முன்னின்று நடத்திய மாநாட்டின் கோரிக்கைகளில் ஒன்று சிறைச்சாலையைப் பற்றியது. பறையர் கைதிகளுக்கு இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்று கேட்டார்கள். சிறையில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில். நடுவில் 133 ஆண்டுகள். இந்த ஆண்டுகளுக்குள் மின்சாரம் வந்தது, அணை வந்தது, ராக்கெட் வந்தது, கைபேசி வந்தது. யார் மலம் அள்ளுவது என்பது மட்டும் மாறவில்லை. இன்றைய பேச்சு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் முன்னுரிமை தருகிற வேட்பாளர்களை ஆதரிக்க வேண்டும் என்ற குரல் படித்த நகர்ப்புற வட்டாரங்களில் கேட்கிறது. நல்ல குரல்தான், நமக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. சேரி மக்கள் சாதிக்கும் காசுக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள், அறிவியலைப் பார்த்து ஓட்டுப் போடுவது படித்தவர்களின் வேலை என்ற எண்ணம். நாம் படித்த வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1936 ஆகஸ்டில் டாக்டர் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1937 தேர்தலுக்காக அந்தக் கட்சி வெளியிட்ட அறிக்கையை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். நிலம் துண்டு துண்டாகிப் போனதும், அந்தத் துண்டு நிலத்தையே நம்பி இத்தனை பேர் இருப்பதும்தான் உழவரின் வறுமைக்குக் காரணம் என்றது அந்த அறிக்கை. பழைய தொழில்களைச் சீரமைக்க வேண்டும், புதிய தொழில்களைத் தொடங்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் அரசே தொழிலை ஏற்று நடத்த வேண்டும், தொழில்நுட்பக் கல்வியைப் பெரிய அளவில் கொடுக்க வேண்டும் என்றது. சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. நம் மக்களில் ஓட்டுப் போட முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பம்பாய் மாகாணத்தில் அந்தக் கட்சி நிறுத்திய 17 வேட்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் வென்றார்கள். அவர்கள் அம்பேத்கர் என்ற மனிதருக்காகத்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லலாம். சரி, ஆனால் அந்த மனிதர் அவர்களிடம் கையேந்திக் கேட்டது எந்திரத்துக்கும் தொழிற்கல்விக்குமான ஓட்டு. இந்த நாட்டின் மிகப் பழைய அறிவியல் வாக்காளர்களில் நம் முன்னோர்களும் உண்டு என்று சொல்வதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை எழுதி வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். அதில் அவர் கேட்ட பணம் எதற்கு என்று பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய். அதே படிப்புக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம்மவரைக் கரை சேர்க்காது, அறிவியல் கல்விதான் வேண்டும், அதற்கு ஆகும் செலவை நம் பெற்றோரால் தாங்க முடியாது, ஆகவே அரசு தாங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. இந்த அரங்கில் அந்தப் பணத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் நாங்களும் தூக்குவோம்.

இந்த இடத்தில் ஒரு வங்காளியையும் நினைத்துக்கொள்வோம். மேக்நாத் சாகா, விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். கிழக்கு வங்கத்தில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு சாதியில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். மாணவர் விடுதியில் சாதி இந்துக்களின் ஒதுக்குதலை அனுபவித்தவர். 1952இல் கல்கத்தா வடமேற்குத் தொகுதியில் சுயேச்சையாக நின்று மக்களவைக்கு வந்தார். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவரை மக்கள் நேரே நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அரிய தேர்தல் அது. 1943இல் தாமோதர் ஆற்றில் வெள்ளம் வந்த பிறகு அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் சாகா இருந்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை அரசுக்குள் இருந்து நகர்த்தியவர் அம்பேத்கர். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பேர் ஒரே ஆற்றுக்கு அணையும் மின்சாரமும் கேட்டிருக்கிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் இது ஏன் ஒரு வரியாகக்கூட இல்லை என்று சமூகவியல் மாணவர்கள் ஆராயலாம்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 2011 சட்டமன்றத் தேர்தலில் மாணவர்களுக்கு மடிக்கணினி என்பது வாக்குறுதி. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. குடிசைக்குள், மண்ணெண்ணெய் விளக்கு இருந்த மாடத்துக்குப் பக்கத்தில் கணினி வந்து உட்கார்ந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? இலவசம். ஓட்டுக்கு லஞ்சம். 2006இன் வண்ணத் தொலைக்காட்சியையும் 2011இன் மடிக்கணினி, மிக்சி, கிரைண்டரையும் எதிர்த்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி வாக்குறுதி தருவது தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கூடவே, வாக்குறுதிகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கும் நீதிமன்றம் சொன்னது. ஐ.டி. பூங்காவுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்தால் அது தொலைநோக்கு, நம் பிள்ளைக்கு ஒரு கணினி கொடுத்தால் அது இலவசம். ஆட்டுக்கல்லில் மாவரைத்துத் தோள் தேய்ந்த நம் அம்மாக்களுக்கு கிரைண்டர் தொழில்நுட்பம் இல்லையா? எந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தருகிறது, ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, எந்திரத்தால் வரும் கேட்டுக்குக் காரணம் எந்திரமல்ல, அதைச் சிலருடைய லாபத்துக்கு மட்டும் ஓடவிடும் சமூக ஏற்பாடுதான் என்று காந்தியாரோடு வாதிட்டவர் அம்பேத்கர். அந்த வாதத்தைப் படிக்காமலேயே நம் அம்மாக்கள் அதற்கு ஓட்டுப் போட்டார்கள்.

ஆனால் நாம் கேட்டு வாங்காத எந்திரம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. காற்றைவிடக் கனமானது, ஆகவே குழிக்குள்ளேயே தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வு மரத்துப் போகும், நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று ஒருவர் நினைக்கிற நேரம்தான் ஆபத்து மிகுந்த நேரம். இன்னும் கூடினால் இரண்டொரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். செய்தித்தாளில் எப்போதும் இரண்டு பேர் பலி, மூன்று பேர் பலி என்று வருவதற்குக் காரணம் இதுதான். அண்ணனும் தம்பியும், மாமனும் மருமகனும் என்று ஒரே வீட்டில் சாவு விழுகிறது. பள்ளிக்கூட வேதியியலில் இந்த வாயுவைத் தயாரிக்கும் முறை இருக்கிறது, தேர்வுக்கும் வருகிறது. அது யாரைக் கொல்கிறது என்பது பாடத்தில் இல்லை.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். 2013 சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றம் என்கிறது, சிறைத் தண்டனையும் உண்டு. அதே சட்டத்தின் வரையறையில் ஒரு விளக்கம் இருக்கிறது. மத்திய அரசு அறிவிக்கும் சாதனங்களோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அகற்றுகிறவர், கையால் மலம் அள்ளுகிறவராகக் கருதப்பட மாட்டார். படித்தபோது நாங்கள் இரண்டாம் முறை படித்தோம். ஒரு ஜோடி கையுறை போட்டுவிட்டால் தொழிலின் பெயர் மறைந்துவிடுகிறது, ஆள் அதே ஆள்தான். தொழில்நுட்பம் என்ற சொல் நம் பக்கம் வரும்போது இப்படியும் வரும் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான் 3 நிலாவில் இறங்கியது. நாங்களும் கைதட்டினோம், பொய் சொல்லவில்லை. 58 நாள் கழித்து, அக்டோபர் 20இல், சாக்கடையில் சாகிறவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் மேடைகளில் முதல் செய்தியைக் கேட்டோம். இரண்டாவதை எந்த மேடையிலும் நாங்கள் கேட்கவில்லை.

நிலாவுக்குப் போன பணத்தைச் சாக்கடைக்குக் கொடு என்று கேட்பது நம் வாதமல்ல. அது சோம்பேறி வாதம். சாக்கடைக்கான தொழில்நுட்பம் நிலாவுக்கானதைவிட எளியது, பெரும்பகுதி கைவசம் இருக்கிறது. ஜெட் ராடிங் வண்டி அழுத்தத்தோடு தண்ணீரைப் பாய்ச்சி அடைப்பைத் தள்ளும். உறிஞ்சு லாரி சேற்றை இழுக்கும். கல், கந்தல், பிளாஸ்டிக் சிக்கி நிற்கும் இடத்தில் இரண்டும் தோற்கும், அங்கேதான் ஆளை இறக்குவார்கள். அந்த வேலைக்காகவே கேரளத்து இளைஞர்கள் சிலர் 'பேண்டிகூட்' என்ற எந்திரத்தைச் செய்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது, கும்பகோணத்துக்கும் வந்தது. மேலே ஒருவர் நின்று திரையைப் பார்த்து இயக்க, எந்திரக் கை உள்ளே இறங்கிக் கசடை அள்ளும். ரயில் பெட்டிகளின் உயிரிக் கழிப்பறையும் அப்படித்தான். குளிர்ந்த மலைப்பகுதிகளில் இருக்கும் படைவீரர்களுக்காக டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய தொழில்நுட்பம் அது. தண்டவாளத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. 2003இல் சஃபாயி கரம்சாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றம் போய், மலம் அள்ளவைக்கும் முதலாளிகளில் ரயில்வேயும் ஒன்று என்று சொல்ல வேண்டியிருந்தது. அறிவு இருந்தது. அதை இந்தப் பக்கம் திருப்ப ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் யார்? மக்களவை உறுப்பினர் அல்ல. ஜெட் வண்டியை வாங்குவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. டெண்டரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மேயரும் தலைவரும் ஆணையரும். நம் தெருவின் அகலத்துக்குள் நுழையும் சிறிய வண்டியை வாங்குவதா, பெரிய வீதியில் மட்டும் ஓடும் லாரியை வாங்குவதா என்பது கவுன்சிலர் கூட்டத்தில் முடிவாகிறது. லாரி நுழையாத சந்தில் மனிதன் நுழைவான் என்பதே ஒப்பந்தக்காரரின் பொறியியல். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் வீட்டு மலத்தொட்டிகள்தான் கொலைக்களம். தமிழ்நாட்டில் தொட்டி சுத்தம் செய்ய 14420 என்ற எண் இருக்கிறது. அது உங்கள் ஊரில் எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று போய்க் கேளுங்கள், அதுவே ஒரு கள ஆய்வு. ஆகவே அறிவியலுக்கு ஓட்டு என்பது நமக்கு முதலில் வார்டு ஓட்டு. எந்திரம் வந்தால் வேலை போகுமே என்ற பயமும் நம் மக்களிடம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. எந்திரத்தை இயக்கும் வேலை யாருக்கு, எந்திரம் யார் பெயரில் என்ற கேள்விகளும் வேட்பாளரிடம் கேட்க வேண்டியவையே. எந்திரம் வேறு ஒருவர் பெயரில் ஓடி, உதவியாள் இடத்தில் மட்டும் நம்மவர் நின்றால் 1937இல் கேட்டது இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

கடந்த உள்ளாட்சித் தேர்தலின்போது நாங்கள் நாலைந்து பேர் ஒரு பக்கத் தாளில் இந்தக் கேள்விகளை அச்சடித்துக்கொண்டு வேட்பாளர்களைப் பார்க்கப் போனோம். எங்களோடு ஓர் அக்காவும் வந்தார். அவருடைய வீட்டுக்காரர் மலத்தொட்டிக்குள் போனவர், திரும்பவில்லை. பலர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நல்ல மனிதர், படித்தவர். வார்டுக்கான தன் வாக்குறுதி நோட்டீசில் இதையும் சேர்ப்பதாகச் சொன்னார். பேனாவை எடுத்துக்கொண்டு, "இதை எந்தத் தலைப்பில் போடட்டும் தோழர்? சுகாதாரமா, ஆதிதிராவிடர் நலமா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காதான் பேசினார். "உங்க நோட்டீசுல கம்ப்யூட்டர் சென்டர், சோலார் விளக்குன்னு ஒரு தலைப்பு இருக்கே தம்பி, அதுல போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். நோட்டீஸ் அச்சாகி வந்தபோது பார்த்தோம். ஆதிதிராவிடர் நலம் என்ற தலைப்பின் கீழ், சுடுகாட்டுப் பாதைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் அடுத்து, கடைசி வரியாக இருந்தது.