உங்களுக்குத் தெரியுமா? ஒளியைப் பிடித்துவைக்கும் படிகம்

★ பழைய கலர் டி.வி. திரையில் சிவப்பைக் காட்டியது யூரோப்பியம் என்னும் அருமண் தனிமம். அதையே படிகத்தில் மிகச் சிறிதளவு கலந்து, ஒளியைப் பிடித்துவைக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

★ எவ்வளவு நேரம்? 2013இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில், பிரசியோடைமியம் கலந்த படிகத்தில் 1 நிமிடம். 2021இல் சீனாவின் ஹெஃபெயில், யூரோப்பியம் கலந்த படிகத்தில் 1 மணி நேரம்! வெளியே விட்டிருந்தால் அந்த ஒளி அதற்குள் வியாழன் கிரகத்தைத் தாண்டியிருக்கும். ஆனால் இவை லேசர் துடிப்புகள். ஒற்றை ஃபோட்டானின் (ஒளித்துகளின்) குவாண்டம் நிலையை அவ்வளவு நேரம் காப்பது இதைவிடக் கடினம்.

★ ஒளி உள்ளே ஒளியாகவே அடைந்து கிடப்பதில்லை. படிகத்தில் கலந்த அருமண் தனிமத்தின் கோடானுகோடி அயனிகள் அதைச் சேர்ந்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு வேகத்தில் அதிரத் தொடங்குகின்றன. ஹெஃபெயில் செய்ததுபோல், அந்த வேகங்களை லேசரால் முன்கூட்டியே சீப்புப் பற்கள்போல் சம இடைவெளியில் செதுக்கியிருப்பார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் வெவ்வேறு கணக்கில் போய் ஒரே இடத்தில் வந்து விழுமே, அப்படி எல்லா அயனிகளும் குறித்த நொடியில் ஒன்றுசேரும்போது ஒளி திரும்ப வெளியே வருகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

★ அருமண் தனிமங்களே ஏன்? ஒளியை வாங்கும் எலக்ட்ரான்கள் அணுவின் உள்கூட்டில் இருக்கின்றன. வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அவற்றை மறைத்து நிற்கின்றன. திண்ணைக் கூச்சல் உள்ளறைக்குக் கேட்காத வீடு மாதிரி.

★ ஒளியை ஏன் பிடித்துவைக்க வேண்டும்? குவாண்டம் செய்தியைச் சுமக்கும் ஃபோட்டான்கள் கண்ணாடி இழையில் 100 கி.மீ. போனால் 100இல் ஏறத்தாழ 1தான் மிஞ்சும். வழியில் நகலெடுத்துப் பெருக்கலாமா? முன்பின் தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்கவே முடியாது என்று 1982இலேயே நிறுவிவிட்டார்கள். எனவே இடையிடையே அஞ்சல் நிலையங்கள் வேண்டும். ஒரு பக்கத்து ஃபோட்டான் வந்து சேரும்வரை மறுபக்கத்து நிலையைக் காத்துவைக்கத்தான் இந்தப் படிகம். 2021இல் ஸ்பெயினில் 10 மீட்டர் இடைவெளியில் இருந்த இரு படிகங்களைக் குவாண்டம் பின்னலில் (entanglement) இணைத்துக் காட்டினார்கள்.

★ 2015இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் யூரோப்பியம் அணுக்கருக்களின் குவாண்டம் நிலையை 6 மணி நேரம் குலையாமல் காத்தார்கள். அவர்கள் போட்ட கணக்கு: படிகத்தை மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் கொண்டுபோனாலே, அதே தூரம் இழையில் போகும் ஒளியைவிடச் சிதைவு குறைவு. சைக்கிள் வேகம் போதும்! வழிநெடுக மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் குளிரையும் வலுவான காந்தப்புலத்தையும் விடாமல் காப்பதுதான் பெரும்பாடு.